புகை சாயும் பக்கம்

மதகுச் சுவரில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கு மணி வெயில் வாய்க்கால் தண்ணீரில் பட்டு அவர்கள் முகத்தில் நெளிகிறது. தூண்டில் மருதையன் கையில், பைப் மீரா சாகிப் வாயில். கப்பல் வேலை முடிந்து ஊர் திரும்பியபோது சாகிப் கொண்டுவந்த பைப். புகையிலையைக் கட்டைவிரலால் அமுக்கி, தீக்குச்சியை அதன்மேல் ஒரு சுற்று சுற்றி, அவசரமே இல்லாமல் இழுக்கிறார். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை தண்ணீரில் அசையாமல் நிற்கிறது. இப்படிக் காத்திருக்கும் நேரத்துக்கென்றே பைப்பைக் கண்டுபிடித்தார்களோ என்னவோ. நடவு வயலின் சேற்று வாசனையில் புகையின் இனிப்பு கலக்கிறது. காற்று திசை மாறி, புகை மறுபக்கம் சாய்கிறது. நாற்பது வருடம் பீடி குடித்த மருதையன் தூண்டிலோடு எழுந்து அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்து, மூச்சை ஆழமாக இழுக்கிறார். “அண்ணே, நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு மூணு மாசம்கூட ஆகல. டாக்டர் என்ன சொன்னாரு?” என்கிறார் சாகிப். “பீடி குடிக்கக் கூடாதுன்னாரு பாய். காத்துல உக்காரக் கூடாதுன்னு சொல்லலியே.” சாகிப் சிரிக்கவில்லை. பாதிகூட எரியாத பைப்பைச் சுவரில் இரண்டு தட்டு தட்டிக் கவிழ்க்கிறார். கங்கு தண்ணீரில் விழுந்து ‘சுர்’ரென்று அணைகிறது. “எனக்கும் போதும்ணே. தக்கையைப் பாருங்க, கெண்டை இழுக்குது.” தக்கை முழுகிவிட்டது. தூண்டில் நரம்பு விறைத்து நிற்கிறது. மருதையன் அதைப் பார்க்கவில்லை. நாற்றுகளின் மேல் கலைந்துபோகும் கடைசிப் புகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.