மிதவை ஆராய்ச்சி

மலாயாவில் குளுவாங் போகும் செம்மண் சாலையில் ரப்பர் தோட்டத்து மோட்டார் கார் மூன்றாம் தடவையாக நின்றது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி சாம்பசிவம் கார்புரேட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்த பித்தளை மிதவையை எடுத்து, தேங்காய் பார்ப்பதுபோல் காதோரம் வைத்து ஆட்டினார்.

"ஓட்டை விழுந்திட்டுது. உள்ளுக்கு பெட்ரோல் போயிட்டுது!"

டிரைவர் அய்யாவு தலையைச் சொறிந்தான். "போயிருந்தா சளசளன்னு கேக்குமே ஐயா. மிதவை கனத்து முங்கி, ஊசி மூடாம, பெட்ரோலு வெளிய வழியுமே. இங்க ஒரு சொட்டுகூட காணோமே."

"அப்ப மேல ஒட்டிக்கொண்டு நிக்குது. பெட்ரோலை உள்ளுக்கு விடேல்லை. எல்லாம் நீ துடைக்காத குற்றம்! மானேஜர் துரையின்ரை ரயில் வரேக்கை நாங்கள் ஸ்டேசனிலை இல்லையெண்டால், நாளைக்கு நீ மரம் வெட்டத்தான் போவாய்."

ரப்பர் மரத்தில் பாலுக்காகப் பட்டை வெட்டும் வேலையிலிருந்து ஸ்டியரிங்குக்கு வந்துசேர அவனுக்கு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

முந்தாநாள்வரை குதிரையாய் ஓடிய வண்டி. நேற்று ஆயுத பூசை. அவனை அண்டவிடாமல், ஒவ்வோர் உறுப்புக்கும் இங்கிலீஷில் பெயர் சொல்லிச் சந்தனப் பொட்டு வைத்தவரும் கிராணியார்தான்.

இன்றோ மூடியைத் திறந்து மூடினால் அரை மைல் ஓடுகிறது, பிறகு படுத்துக்கொள்கிறது. ஓடும்போதெல்லாம், "பார்த்தியோ என்ரை கைராசி!" என்றார் கிராணியார். நின்றால் மட்டும் பழி டிரைவருக்கு.

இந்தத் தடவை மூடியை அய்யாவு தன் கையில் வாங்கினான். தோள் துண்டால் அழுத்தித் தேய்த்தான். பனியனில் கிடந்த ஊக்கைக் கழற்றி ஒரு குத்துக் குத்திவிட்டு மாட்டினான்.

அதன்பின் மோட்டார் குளுவாங் ஸ்டேசனில்தான் நின்றது. துரையும் அப்போதுதான் இறங்கினார்.

"வழியெல்லாம் மிதவைக் கோளாறு, துரை. நான்தான் சரிப்படுத்தினேன்," என்று கிராணியார் முந்திக்கொண்டார். "இவனுக்கு ஒண்டும் விளங்காது. மரம் வெட்ட அனுப்புறதுதான் நல்லது."

துரை டிரைவர் பக்கம் திரும்பினார். "என்னா பழுது, அய்யாவு?"

அய்யாவு மஞ்சள் கறை படிந்த துண்டைப் பணிவாக விரித்துக் காட்டினான். கமகமவென்று சந்தனம் மணத்தது.

"பெட்ரோலு இறங்கணும்னா உள்ள காத்து போகணும், அதுக்கு மூடியில ஊசி ஓட்டை ஒண்ணு இருக்குங்க தொர. ஐயா அதுக்கும் பொட்டு வச்சிட்டாங்க."