நாலு மணிக் கண்ணாடி

மூன்றே காலுக்குத் தலைவாரி, வெளுத்த புடவைக்கு மாறி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அம்மா வாசலைத் தாண்டினாள். அப்பா போய் மூன்று வருஷமாகிறது. அறுபத்திரண்டு வயதில் யாருக்காக இந்தக் கண்ணாடி என்று கடைத்தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.

"உங்கம்மா தினமும் அந்தப் பாழடைஞ்ச டவருக்குத்தான் போறாங்க தம்பி. நான் ஒண்ணும் சொல்லல" என்று எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் மளிகைக்காரர். இரண்டு நாள் லீவில் வந்திருந்த மகன், பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனான்.

குன்றின் உச்சியில் டெலிபோன் இலாகாவின் மைக்ரோவேவ் டவர். ஒரு காலத்தில் ஊர்விட்டு ஊர் பேசிய பேச்செல்லாம் இங்கிருந்துதான் குன்றுக்குக் குன்று தாவிப் போனது. தரைக்கடியில் கேபிள் வந்ததும் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக் கதவைப் பூட்டிவிட்டார்கள். கதவில் இப்போது ஒரு புது நோட்டீஸ்: நாளை மறுநாள் டவர் இடிக்கப்படும், குன்றைச் சுற்றி வேலி போடப்படும்.

அம்மா ஏணியில் முதல் தட்டு வரை ஏறியிருந்தாள். அவனும் சத்தம் காட்டாமல் பின்னால் ஏறினான். கண்ணாடியை வெயிலில் பிடித்து மூன்று முறை திருப்பினாள். வடக்கே, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த இன்னொரு குன்றிலிருந்து பளிச், பளிச், பளிச் என்று பதில் வந்தது.

மகனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "யாரும்மா அது?"

அம்மா திடுக்கிட்டாள், ஆனால் மறைக்கவில்லை. "அப்பாவோட சினேகிதர்டா. அந்த டவர்காரர்."

அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த டவரில் அப்பாவும் அந்த டவரில் அவருமாக இருபத்தேழு வருஷம், மணிக்கொரு தரம், டவர் ஆட்களுக்கென்றே இருந்த சர்வீஸ் லைனில் பேசிக்கொண்டவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. ஒருத்தர் லீவு போட்டால் இன்னொருத்தர் நகர முடியாத வேலை அது.

லைன் செத்துப்போன நாட்களில் நாலு மணிக்குக் கண்ணாடிதான். மூன்று தடவை அடித்தால் இங்கே எல்லாம் நல்லபடி என்று அர்த்தம். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஜெனரேட்டர் சத்தம் தின்ற காது அடியோடு போய்விட, போன் உதவவில்லை. நாலு மணிக் கண்ணாடி மட்டும் நிலைத்தது, மேகம் போட்டால் மட்டும் அதற்கு லீவு.

"அப்பா செத்தது அவருக்குத் தெரியாதா?"

"கண்ணாடியில அதை எப்படிடா சொல்றது? கடிதாசி எழுதலாம்னு உக்காந்தேன். அதுக்குள்ள நாலு மணி ஆயிடுச்சு. காத்துக்கிட்டு இருப்பாரேன்னு ஓடி வந்து மூணு அடிச்சுட்டேன். அப்புறம் எப்ப எழுத உக்காந்தாலும் நாலு மணி ஆயிடுது."

மகனுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. கடைத்தெருப் பேச்சை நம்பினோமே என்று வெட்கமாக இருந்தது.

"நெஞ்சுவலி வந்த உடம்புடா அவருக்கு" என்றாள் அம்மா. "கைநடுக்கம் வேற, வெளிச்சம் சிதறிச் சிதறி வரும். இப்ப ரெண்டு வருஷமாத்தான் நல்லா நிதானமா அடிக்கிறார். தேறி வர மனுஷன்கிட்டப் போய் எப்படிச் சொல்ல?"

அவள் கீழே இறங்கி நோட்டீஸைப் பார்க்காமல் நடந்தாள். "மரமெல்லாம் வளர்ந்துடுச்சு, தரையில நின்னா அந்தக் குன்றே தெரியாது. திடீர்னு வெளிச்சம் நின்னா அவர் என்னன்னு நினைப்பார்? நாளைக்கு நீயே நேர்ல போ. பக்குவமா எழுதிக் காட்டு. கடைசியா ஒரு தடவை நான் இங்கேர்ந்து அடிக்கிறேன்."

கண்ணுக்கு எதிரே தெரிந்த குன்றுக்கு மூன்று பஸ் மாற வேண்டியிருந்தது. வழியெல்லாம் அவன் மடியில் ஒரு காகிதம். 'அப்பா காலமாகிவிட்டார்' என்ற இரண்டு வார்த்தைக்கு முன்னால் எதைப் போட்டு மெத்தென்று ஆக்குவது என்று தெரியாமல் நாலு தடவை அடித்து எழுதியிருந்தான்.

அவர் வீடு பூட்டியிருந்தது. டவருக்கு ஏறிப்போனான். முதல் தட்டில் அவன் வயதுள்ள ஒரு பெண், கையில் ஆண்கள் ஷேவிங் செய்யும் வட்டக் கண்ணாடியோடு நின்றிருந்தாள். அவர் மகளாகத்தான் இருக்க வேண்டும்.

"எதிர்க் குன்றுலேர்ந்து வரேங்க. டவர்காரர் மகன். உங்கப்பாவைப் பாக்கணும்."

அவள் முகம் வெளுத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"அப்பா போய் ரெண்டு வருஷம் ஆச்சுங்க" என்றாள். "நினைவு தப்புற வரைக்கும், நாலு மணியாச்சு, அவன் காத்துக்கிட்டு இருப்பான்னே சொல்லிக்கிட்டு இருந்தார். எனக்கு மனசு கேக்கல. அன்னியிலேர்ந்து நான்தான் அடிக்கிறேன்."

காகிதத்தை எடுக்கப் பைக்குள் கையை விட்டான்.

அதற்குள் தெற்கே பளிச், பளிச், பளிச்.

அவள் சட்டென்று எழுந்து, கண்ணைக்கூடத் துடைக்காமல், மூன்று முறை நிதானமாகப் பதில் அடித்தாள். பிறகு அவனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ஒரு நாள் தவற மாட்டார் பாருங்க. உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்."