அறுபத்து மூன்று ஓட்டு

“சார், ‘மூன்றாம் மதகு’ங்கிற புஸ்தகத்துக்கு அறுபத்தி மூணு ஓட்டு. அதான் மொதல்ல வருது” என்றான் தேவநாதன்.

சீட்டுகளை எண்ணுவதற்கென்று நியமிக்கப்பட்ட ஆறாவது பாரத்து, அதாவது பதினோராம் வகுப்புப் பையன் அவன். நூலகப் பொறுப்பில் இருந்த தமிழாசிரியர் சீனுவாசனுக்கு நம்பிக்கை வரவில்லை. தாமே ஒருமுறை எண்ணினார். அறுபத்து மூன்றுதான்.

1957 பொதுத்தேர்தல் முடிந்த சூட்டோடு அவருக்கு வந்த யோசனை அது. விழுப்புரத்து அந்த உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஜெயிக்கிற புத்தகத்தில் இன்னும் பத்துப் பிரதிகள் வாங்கித் தருவதாகத் தலைமையாசிரியர் அரங்கநாதன் சொல்லியிருந்தார்.

முடிவைக் கேட்டதும் அவர் புத்தகம் எடுத்துப் போகிறவர்களின் பதிவேட்டைத்தான் முதலில் புரட்டினார். அந்தப் புத்தகத்துக்கு நேரே ஒரே ஒரு பெயர். நாலாவது பாரம், அம்சா.

“ஒருத்தி எடுத்துப் போன புஸ்தகத்துக்கு அறுபத்து மூணு பேர் ஓட்டுப் போட்டாங்களாக்கும். கள்ள ஓட்டு, சீனுவாசன். பெட்டியத் தூக்கி உள்ள வைங்க. லைப்ரரி பீரியடையும் கணக்கு வாத்தியாருக்குக் குடுத்துடலாம்.”

“ரெண்டு நாள் குடுங்க சார். விசாரிச்சுச் சொல்றேன்.”

யாரோ நன்கொடையாகக் கொடுத்த கட்டோடு வந்த புத்தகம் அது. அட்டையில் ஓர் ஏரிக்கரைப் படம். விவசாயப் புத்தகம்போல என்று நினைத்து எண் போட்டு அடுக்கிவைத்ததோடு சரி. சீனுவாசனும் படித்ததில்லை.

மறுநாள் இரண்டாவது பாரத்தில் போய்க் கேட்டார். பத்துப் பன்னிரண்டு கைகள் தயங்காமல் உயர்ந்தன. முன் பெஞ்சுப் பெரியதம்பியை எழுப்பினார்.

“என்னா கதைடா அது?”

“ஏரி மதகு தொறக்கிற ஆளு ஒருத்தருங்க சார். மழைக்கு மொத நாளு செத்துப்பூட்டாரு. ஊருக்குத் தெரிஞ்சா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்கன்னு அவரு பொண்டாட்டி யாருக்கும் சொல்லல. அவரு முண்டாச கட்டிக்கினு அவளே போயி மதகு தொறக்கிறா.”

“ஊர்ல ஒருத்தரும் பாக்கலியா?”

“தூரத்துலேர்ந்து பாக்குறாங்க சார். ‘இன்னா, ஒடம்பு எளைச்சிட்டாப்பல இருக்குதே’ன்னு கொரல் குடுக்குறாங்க. அவ கைய மட்டும் ஆட்டுறா.”

“பேசினா தெரிஞ்சிடும் இல்லீங்களா சார்” என்றாள் பின்னால் இருந்த ஒரு பெண்.

சீனுவாசன் மேசை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். “அப்புறம்?”

“ஏரி ரொம்பிடுச்சி சார். மூணாவது மதகு மட்டும் தொறக்க மாட்டேங்குது. ஊரே கரைக்கு ஓடியாருது. அவ முண்டாசோட தண்ணியில எறங்குறா.”

“எறங்கி?”

“தெரியலீங்க சார். அதுக்குள்ள மயிலம் ஸ்டேஷன் வந்துடுச்சி. அம்சாக்கா எறங்கிப் போயிடுச்சி.”

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சாயங்காலம் திண்டிவனம் பாசஞ்சரில் ஊர் திரும்பும் பிள்ளைகளுக்கு அம்சா கதை சொல்லிக்கொண்டு போகிறாள். வண்டியில் கேட்டவர்கள் மறுநாள் சாப்பாட்டு வேளையில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

“நீங்களே புஸ்தகத்த எடுத்து மீதியப் படிச்சிருக்கலாமேடா?”

“யாராச்சும் அதைத் தொட்டா அப்புறம் கதையே சொல்ல மாட்டேன்னுதுங்க. நாலு நாளா கேட்டுக்கினு இருக்கிறோம். நாளைக்கி, நாளைக்கின்னுது.”

சீனுவாசன் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனார். “கள்ள ஓட்டு இல்ல சார். ஒருத்திதான் எடுத்துப் போயிருக்கா. ஆனா பாதிப் பள்ளிக்கூடம் கேட்டிருக்குது” என்று கதையையும் சொன்னார். கையில் பேனாவோடு கேட்டுக்கொண்டிருந்த அரங்கநாதன், பெண் தண்ணீரில் இறங்கிய இடத்தில் பேனாவை மூடி வைத்தார்.

“எறங்கி என்ன ஆனா?”

“அது தெரியல சார்.”

“அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க. அப்படியே புஸ்தகத்தையும் எடுத்துட்டு வாங்க.”

அம்சா வந்து கதவோரமாக நின்றாள். கரும்பு வெட்டப் போகும் சவுரிராயனின் மகள். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாளே தவிர, அவள் குரலை இரண்டு வருஷத்தில் எந்த வாத்தியாரும் சரியாகக் கேட்டதில்லை.

“பயப்படாதம்மா. உன்னைத் திட்டக் கூப்பிடல” என்றார் அரங்கநாதன். “அந்த மதகு தொறந்துதா, இல்லியா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “தெரியலீங்க சார்.”

“ரெண்டு வாரம் வெச்சிருந்திருக்கே. கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கலியா?”

அவள் சீனுவாசன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

“சரி, நாமளே பாத்துக்கலாம். படிங்க சீனுவாசன்.”

சீனுவாசன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரிக்கப் போனார். பிரிய மாட்டேன் என்றது. நடுவில் பிரித்துப் பார்த்தார், முன்னால் பார்த்தார். அச்சாபீசில் மடித்த தாள்கள் ஓரம் வெட்டப்படாமல் மடிப்பு மடிப்பாக மூடியே கிடந்தன. கத்தியால் கீறினால் ஒழிய அதில் ஒரு கதையையும் யாராலும் படித்திருக்க முடியாது.

இருவரும் நிமிர்ந்து அம்சாவைப் பார்த்தார்கள்.

“புஸ்தகத்துல இருக்குதுன்னு சொன்னாதான் கேக்குறாங்க சார்” என்றாள் அவள். “முடிவு நான் இன்னும் யோசிக்கலீங்க.”