முதுகில் வந்த ஓட்டு

"ஆடாம நடடா! எங்க ஊர் யாக்கு எருமைகூட இப்படிக் குலுக்காது."

"அதுக்கு நாலு கால், பெரியப்பா. எனக்கு ரெண்டுதான்," என்றான் ஜிக்டால், மூச்சிரைக்க.

மாவுக்கட்டுப் போட்ட காலோடு அவன் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தார் லோத்ரோ. தர்மசாலாவில் திபெத்திய அகதிகள் தங்கள் உள்ளூர் மன்றத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாள் அது. வாக்குச்சாவடி மலைமேல். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.

"நான் யாருக்குப் போடப் போறேன்னு தெரியுமில்ல?"

"ஊருக்கே தெரியும். சீனாவோட பேசி சுயாட்சி வாங்கினா போதும்கிறவருக்கு."

"அப்புறம் எதுக்குடா தூக்குறே? நீதான் முழு விடுதலைக்காரனாச்சே!"

"கால் முடியலைன்னு ஒருத்தர் ஓட்டு வீணாகலாமா? அங்கே திபெத்துல நம்ம ஜனங்களுக்கு அதுகூட இல்லையே."

லோத்ரோ அவன் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்கக்கா அங்கேதான் இருக்கா. எண்பது வயசு. உங்க விடுதலை வர்றவரைக்கும் இருப்பாளா? சுயாட்சின்னா ஒருவேளை அவ முகத்தைப் பார்த்துடலாம்."

"எங்கப்பா அங்கே ஜெயில்லயே செத்தார், பெரியப்பா. பாதி போதும்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

அதற்கு மேல் இருவரும் வாதாடவில்லை. ஜெபத்தை முணுமுணுத்தபடி ஏறினார்கள். ஜெபம் இருவருக்கும் ஒன்றுதான்.

பாதி வழியில் லோத்ரோ அலறினார். "ஐயோ, பச்சைப் புத்தகம்! புத்தர் மாடத்துலயே வெச்சுட்டு வந்துட்டேனே!"

அந்த அடையாளப் புத்தகம் இல்லாமல் ஓட்டுப் போட முடியாது. மணி நாலரை.

"விடு, திரும்பிடலாம். உங்க பக்கத்துக்கு அதிர்ஷ்டம்," என்றார்.

ஜிக்டால் அவரை ஒரு கல்லில் உட்காரவைத்துவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினான். வியர்வை சொட்டத் திரும்பி வந்தான். புத்தகத்தை நெற்றியில் ஒற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, மறுபடி குனிந்து முதுகைக் காட்டினான்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. சாவடி வாசலில் தரையில் கிழித்திருந்த வெள்ளைக் கோட்டருகே, தேர்தல் அலுவலராக இருந்த பெண் ஓடிவந்து மறித்தாள்.

"அண்ணா, அவரை இங்கேயே இறக்குங்க. நாங்க கூட்டிட்டுப் போறோம். வேட்பாளர் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது!"

மாலையில் எண்ணி முடித்தபோது, ஜிக்டால் ஒரே ஒரு ஓட்டில் தோற்றிருந்தான்.