பின்னால் மடக்கிய கை

பழைய டிவியைத் திறந்து வேலை பார்க்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொள்வது சேவியரின் வழக்கம்.

"பிரம்ப ஒளிச்சு வச்சிருக்கற வாத்தியார் மாதிரி நிக்கிறீங்க, சேவியர்" என்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வசுமதி சிரித்தாள். அந்த மரப்பெட்டி டிவியை ஆசைப்பட்டு வாங்கியவள் அவள்தான்.

"ஒரு கையில ஷாக் அடிச்சா உதறிடலாம்க்கா. அடுத்த கை டிவியோட இரும்புச் சட்டத்துல பட்டுதுன்னா, கரண்டு நெஞ்சு வழியாப் போகும்."

"போகட்டுமே. உள்ள யாரு இருக்கான்னு பார்த்துட்டு வரட்டும்."

அவனுடைய வலது கை பிக்சர் டியூபை ஒட்டி, ஒயர்களுக்கு இடையே நுழைந்திருந்தது. அப்போது யாரோ இடது கையைப் பிடித்தார்கள். விரல்கள் ஈரமாக இருந்தன.

"விளையாடாதீங்கக்கா. கைய விடுங்க."

"நான் இங்கதானே இருக்கேன்?" குரல் திரைக்கு முன்னாலிருந்துதான் வந்தது.

சேவியருக்குத் திரும்பிப் பார்க்க வழியில்லை; உடம்பு அசைந்தால் வலது கையும் அசையும்.

"பிளக்கப் பிடுங்குங்க."

திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. வசுமதி பெட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "எடுத்துட்டேன். ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

பிளக்கைப் பிடுங்கினாலும், பிக்சர் டியூப் தனக்குள் வாங்கிவைத்த மின்சாரத்தை லேசில் விடாது. ஈர விரல்கள் அவனுடைய இறுகிய முஷ்டியை ஒவ்வொரு விரலாகப் பிரித்தன. பிறகு, குழந்தையை நடக்கக் கூட்டிப்போவதுபோல, விரிந்த உள்ளங்கையை இரும்புச் சட்டத்தை நோக்கி மெல்ல இழுத்துப் போயின.