இரண்டு டீமுக்கும் ஒரே ரசிகர்

வற்றிப்போன குளத்தில் அணில்களும் எலிகளும் கால்பந்து விளையாடி வந்தன. செவலை ஆடு இரண்டு அணிக்கும் ரசிகர். அணில்கள் ஜெயித்தால் அங்கே விருந்து, எலிகள் ஜெயித்தால் இங்கே விருந்து. பல வருஷமாக அது தோல்வி என்பதையே பார்த்ததில்லை.

இந்த முறையும் இறுதி ஆட்டத்தில் இரண்டும் மோதின. ஆடு நடுக்கோட்டருகே நின்றுகொண்டு, யார் கோல் போட்டாலும் குதித்தது. கடைசியில் எலிகள் ஜெயித்தன. வேர்க்கடலை விருந்துக்கு முதல் ஆளாக ஆடுதான் போய் நின்றது.

"ஜெயிச்சுட்டோம்ல!"

"சந்தோஷம் அண்ணே," என்றது எலித் தலைவன். "ஆனா தோத்ததும் உங்க டீம்தானே? முதல்ல போய் அழுதுட்டு வாங்க. பந்தி எங்கேயும் ஓடிடாது."

ஆட்டுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அணில்களிடம் ஓடிப்போய், "நம்ம டீம் இப்படித் தோத்துப்போச்சே!" என்று அவசர அவசரமாகக் கதறியது.

அணில்கள் உருகிப்போய் அதன் கால்களைக் கட்டிக்கொண்டன. "எல்லாரும் அங்கே சாப்பிடப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் எங்களுக்காக வந்திருக்கீங்க. விட்டுட்டுப் போயிடாதீங்க அண்ணே!"

எதிர்க்கரையில் கடலைத் தோல் நொறுங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்தது.

அப்போதுதான் ஆட்டுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.