வாடிப்பட்டி வால்வுப் பெட்டி

மதுரை வீடுகளில் மனைவி சொல்வதுதான் சட்டம் என்று வெளியூர்க்காரர்களிடையே நெடுங்காலமாக ஒரு கருத்து நிலவுகிறது. தீர ஆராய்ந்ததில் அது முற்றிலும் ஆதாரமற்றது. சந்தேகம் உள்ளவர்கள் கோச்சடைக்கு வந்து பட்டுவின் வீட்டில் அரை மணி நேரம் உட்காரலாம்.

"ஏன்னா, கேஸ் தீர்ந்துபோச்சு" என்பாள் பட்டு.

அவள் கணவர் ஹாலாஸ்யம் பேப்பரைப் புரட்டுவார்.

"பெங்களூர்லேர்ந்து பொண்ணு மாதங்கி போன் பண்ணினா. உங்களை விசாரிச்சா."

அடுத்த பக்கம்.

ஆனால் இசைத்தட்டில் ஊசி இறங்கிவிட்டால் அடுப்படியில் ஒரு கரண்டி விழக் கூடாது. "அங்கே என்ன சத்தம்?" என்று கூடத்திலிருந்தே கர்ஜனை வரும். கரண்டிக்கு இருக்கிற மரியாதை தனக்கு இல்லை என்பது பட்டுவின் இரண்டு வருஷ ஆற்றாமை.

ஹாலாஸ்யம் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நாளாகப் பாட்டில் ஜீவனே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். ஊசியை மாற்றினார். ஒயரை மாற்றினார். ஸ்பீக்கரை மாற்றினார். கடைசியில், ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெரிதாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் போனோ ப்ரீஆம்ப் என்ற பெட்டிதான் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. டிரான்சிஸ்டர் உதவாது, பழைய காலத்து ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழல் வால்வு வைத்ததுதான் வேண்டும். அப்படி ஒன்று, வாடிப்பட்டியில் விசேஷங்களுக்குக் குழாய் ஸ்பீக்கரும் ரேடியோ செட்டும் கட்டும் மருதுவிடம் விலைக்கு இருந்தது.

பஸ்ஸில் பட்டு மூன்று முறை சொல்லிவிட்டாள்.

"இன்னொரு பெட்டி ஆத்துக்கு வந்தா நான் மாதங்கிகிட்ட பெங்களூருக்கே போயிடறேன். திரும்பி வர மாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லலை."

ஹாலாஸ்யம் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நாற்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு ஒரு 'போகாதே' கூடக் கிடையாது.

வாடிப்பட்டியில் மருது எல்லாவற்றையும் மாட்டித் தயாராக வைத்திருந்தார்.

"சார், போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிர்றேன். இந்தப் பெட்டியில..."

"ஒண்ணும் சொல்லாதீங்கோ. காது சொல்லும்."

"இல்ல சார், மூடியவாச்சும் தொறந்து..."

"போடுங்கோன்னா!"

பாட்டு வந்தது. ஹாலாஸ்யம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பட்டுவுக்கு என்னவோ ஒரு ஸ்பீக்கர்தான் பாடுவது போலிருந்தது. இயற்பியல் படிக்காதவள் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

"ஆகா! இடது பக்கம் வயலின், தேன்! வலது பக்கம் மிருதங்கம். டிரான்சிஸ்டர்ல இது வராது, எழுதியே தரேன்."

மருது அவரையே பார்த்தார். "இடது பக்கம் நல்லாக் கேக்குதா சார்?"

"என்னய்யா கேள்வி? வலதைவிடப் பிரமாதம்!"

மருது ஊசியைத் தூக்கினார். பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார்.

"இது குடுக்கிறாப்ல இல்ல சார்."

"என்னது? கோச்சடையிலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கோம்!"

"தெரியுது சார். குடுக்கிறாப்ல இல்ல."

"ஓகோ, விலையை ஏத்தறீரா? சொல்லும், தரேன்."

"எம்புட்டுக் குடுத்தாலும் இல்ல."

"வேற எவனோடயோ பேசி முடிச்சுட்டு எங்களை எதுக்குய்யா வரச்சொன்னே?"

"அப்படியே வச்சுக்கங்க சார்."

ஹாலாஸ்யத்துக்கு மூக்கு சிவந்தது. நாணயம், நம்பிக்கை, நாட்டின் எதிர்காலம் ஆகிய மூன்றைப் பற்றியும் தலா ஒரு வாக்கியம் பேசிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று ரோட்டுக்குப் போய்விட்டார்.

பெட்டி வராததில் பட்டுவுக்குச் சந்தோஷம்தான். அதற்காக வயசானவரை இப்படியா அலைக்கழிப்பது?

"வரச்சொல்லிட்டு இல்லைங்கறேளே, இது நியாயமா?" என்றாள்.

மருது பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு வால்வுக்கு இடம். வலப்பக்கம் ஒன்று இருந்தது. இடப்பக்கம் வெறும் ஓட்டை.

"இடது வால்வு காலையில போயிருச்சும்மா. வேற போட்டுத் தாரேன்னு சொல்ல வந்தேன், சார் விடலை. அந்தப் பக்கத்து ஸ்பீக்கர்ல ஒரு பொட்டுச் சத்தம் வரலை. சார் தேன்னு சொன்னாக."

பட்டு அந்த ஓட்டையையே பார்த்தாள்.

"முப்பது வருசமாக் குழாய் ஸ்பீக்கர் பக்கத்துல நிக்கிறவங்க நாங்க. எங்காளுக பாதிப் பேருக்கு இப்படித்தான் ஒரு காது போச்சு. அப்புறம் சத்தம் எந்தப் பக்கத்துலருந்து வருதுன்னே பிரியாது. போறது அந்த ஆளுக்கே தெரியாதும்மா. நல்ல டாக்டராப் பாருங்க. பெட்டி இங்கனதான் இருக்கும், வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"இதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சம்சாரத்த வச்சுக்கிட்டா? அம்புட்டுப் படிச்ச மனுசன். ஏமாத்துக்காரப் பயன்னு என்னைய வைதுட்டுப் போகட்டும், போங்க."

பஸ் நிறுத்தத்தில் ஹாலாஸ்யம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து பட்டு நிற்பது அவருக்கு இடப்பக்கம். இப்போது பின்னால் சுற்றிக்கொண்டு போய் வலப்பக்கம் நின்றாள்.

"ஏன்னா, பஸ் வருது."

"வந்தா வரட்டும். அதுக்கு ஏன் இப்படிக் கத்தறே?" என்றார் ஹாலாஸ்யம்.